பள்ளி எனும் ஒரு சொல்

அரிய சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டுகிறோம். நாள்தோறும் நாவில் புழங்கும் எளிய சொல்லையோ, பொருள் தெரிந்ததுதானே என்று கடந்து விடுகிறோம். ஆயினும் ஒரு சமூகம் நடந்து வந்த பாதையை அரிய சொற்களைவிட எளிய சொற்களே மிகுதியாகத் தாங்கி நிற்கின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘பள்ளி’.

செஞ்சி நகரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்; அது கல்விக்கூடம். நண்பகலில் லுஹர் தொழுகைக்காகப் பெரியவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள், அது இறையில்லம். நகருக்கு வடக்கே சிங்கவரம் குன்றில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலுக்குச் சென்று வரும் இந்துப் பெருமக்கள், பள்ளிகொண்ட அரங்கநாதரைக் கண்டு வந்ததாகக் கூறுகிறார்கள். அங்கே அச்சொல் துயிலைக் குறிக்கிறது. மூன்று சாராரும் ஒரே சொல்லை மூன்று பொருளில் ஆள்கிறார்கள். ஒருவர் கூறுவதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொள்வதும் இல்லை.

இச்சொல்லைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அரபிக் கல்லூரி மாணவர்களிடையே அண்மைக்காலமாக ஒரு வினா எழுந்து வருகிறது. அல்லாஹ்வின் இல்லத்துக்குத் திருக்குர்ஆன் வழங்கிய பெயர் ‘மஸ்ஜித்’ என்பது. அவ்வாறிருக்க, சமணரும் பௌத்தரும் தம் உறைவிடங்களுக்கு வைத்திருந்த பெயரை, உறங்கும் இடத்துக்கும் உரிய பெயரை, நாம் ஏன் தொழுமிடத்துக்குச் சூட்ட வேண்டும் என்பதே அவ்வினா. மார்க்கப் பற்றிலிருந்து எழும் வினா அது. எள்ளி நகையாடித் தள்ளிவிடத் தக்கதன்று. அதற்குரிய விடையைச் சொல்லின் வரலாற்றிலும், பின்னர் மார்க்க நூல்களின் ஒளியிலும் தேடுவதே முறை.

அகராதிப் பொருளும் இனமொழிகளும்

தமிழ் அகராதிகள் ‘பள்ளி’ என்னும் சொல்லுக்குத் தரும் பொருள்கள் பல. சிற்றூர், ஆயர் குடியிருப்பு, முனிவர் உறைவிடம், சமண பௌத்தக் கோயில், அரசரின் அரண்மனை, அறை, படுக்கை, துயில், கல்விக்கூடம் என அவை விரிகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினும், இவற்றுக்கிடையே ஓர் இழை ஓடுவதைக் காணலாம். மனிதன் அலைச்சலை விட்டுத் தங்கும் இடம் என்பதே அவ்விழை. குடும்பங்கள் தங்கினால் அது சிற்றூர். உடல் தங்கினால் படுக்கை. துறவி தங்கினால் தவச்சாலை. அத்துறவியிடம் மாணாக்கர் வந்து தங்கினால் கல்விக்கூடம்.

இனமொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. தெலுங்கில் ‘பல்லி’, ‘பல்லெ’ என்பன சிற்றூரைக் குறிக்கும். கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து ‘ஹள்ளி’ ஆயிற்று. அம்மொழி பேசும் நிலத்தில் எண்ணற்ற ஊர்ப்பெயர்கள் ‘ஹள்ளி’ என்றே முடிகின்றன. தமிழகத்திலோ திருச்சிராப்பள்ளி, திருக்காட்டுப்பள்ளி, பள்ளிகொண்டா, பள்ளிக்கரணை என ஊர்ப்பெயரின் முதலிலும் ஈற்றிலும் இச்சொல் நிற்கிறது. ஆக, எந்தச் சமயமும் உரிமை கொண்டாடுவதற்கு முன்னரே இது குடியிருப்பைக் குறித்த பொதுச்சொல்லாக விளங்கியது என்பது தெளிவு.

கல்லில் எழுதிய பள்ளி

எழுத்துச் சான்றுகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஐராவதம் மகாதேவன் கணித்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும், நந்தி என்னும் சமணத் துறவிக்கு அமைத்துக் கொடுத்த உறைவிடமும் அவற்றில் குறிக்கப்படுகின்றன. அவ்வுறைவிடத்துக்கு அங்கே வழங்கும் பெயர் ‘பளி’. பள்ளி என்பதன் பழைய எழுத்து வடிவம்.

சங்க இலக்கியத்துள் மதுரைக்காஞ்சி மதுரை மாநகரின் சமயத் தலங்களை வரிசைப்படுத்துகிறது. அதில் பௌத்தர் வழிபடும் இடமும் பள்ளி எனப்படுகிறது. வேதம் ஓதும் அந்தணரின் இருக்கையும் பள்ளி என்றே குறிக்கப்படுகிறது. பள்ளி என்பது சமணருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே உரிய சொல் என்னும் கருத்து அக்காலத்திலேயே பொருந்தவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

திருக்குறளில் 840ஆம் குறள் இச்சொல்லை வேறொரு பொருளில் ஆள்கிறது. சான்றோர் அவையில் பேதை நுழைவது, கழுவாத காலைப் பள்ளியில் வைப்பதைப் போன்றது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் அங்கே பள்ளியைப் படுக்கை எனக் கொள்வர். ஆயினும் உளூச் செய்து, கால் கழுவிப் பள்ளிக்குள் நுழையும் நம் வழக்கத்தை அறிந்த தமிழ் முஸ்லிம் ஒருவர் இக்குறளைப் படிக்கும்போது அவருக்குள் இன்னொரு பொருளும் எழாமல் இராது. வள்ளுவர் கருதிய பொருள் அதுவன்று. ஆனால் அச்சொல் நம்மிடம் வந்து சேர்ந்தபின் பெற்ற பொருள் அது.

செஞ்சியைச் சூழ்ந்த குன்றுகளில்

மேற்கூறிய பொருள்கள் அனைத்தையும் ஒரே வட்டாரத்தில் காண விரும்புவோர் செஞ்சிக்கு வரலாம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் கோட்டைகளாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்பகுதியின் பாறைகளில் துறவிகள் தங்கியிருந்தனர்.

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரில் பாறையில் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றோடு தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. இத்தகைய கற்படுக்கைகளை மக்கள் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என அழைப்பது தமிழகமெங்கும் காணும் வழக்கம்; உண்மையில் அவை சமணத் துறவியரின் படுக்கைகள். படுக்கை என்னும் பொருளிலும் அது பள்ளி. தவச்சாலை என்னும் பொருளிலும் அது பள்ளி. சொல்லின் இரு பொருள்களும் ஒரே பாறையில் பொருந்தி நிற்கும் காட்சி இது. அதே ஊரின் சோழர் காலக் கல்வெட்டொன்று, சமண ஆசிரியர் ஒருவரும் அவருடைய மாணவர்களும் துய்க்குமாறு ஊரொன்றும் தோட்டமும் கிணறுகளும் ‘பள்ளிச்சந்தம்’ ஆக விடப்பட்ட செய்தியைத் தருகிறது. ஆசிரியர், மாணவர், அவர்களைப் புரக்கும் அறக்கொடை ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் கல்விக்கூடத்துக்கு வேறென்ன வேண்டும்? ‘பள்ளிக்கூடம்’ என்னும் இன்றைய சொல்லின் பிறப்பிடம் இத்தகைய இடங்களே.

செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே சந்திரநந்தி என்னும் துறவி 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கல்வெட்டொன்று கூறுகிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் பெரிதும் மதிக்கும் கல்வெட்டு அது. அத்துறவியை அது ‘ஆசிரியர்’ என்றே குறிக்கிறது. செஞ்சிக்கு அண்மையில் உள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்கி வருகிறது. அவ்வகையில் இவ்வட்டாரத்தில் சமணம் பழங்கதையாகிவிட்ட சமயம் அன்று. நம் அண்டை வீட்டாரின் சமயம்.

இக்குன்றுகளுக்கு நடுவே சிங்கவரத்தில் பள்ளிகொண்ட திருமால். வைணவ மரபில் இறைவன் அறிதுயில் கொள்வது ‘பள்ளிகொள்ளல்’. அவனை விடியலில் எழுப்புவது ‘பள்ளியெழுச்சி’. தொண்டரடிப்பொடியாழ்வாரும், சைவ மரபில் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினர். மன்னர் துயிலும் இடம் பள்ளியறை. மறைந்த மன்னரும் அரசியும் அடக்கமான இடத்தில் எழுப்பிய நினைவுக்கோயில் பள்ளிப்படை. மலையாள நாட்டில் மன்னரின் உறக்கம் பள்ளியுறக்கம். அவர் ஆடும் வேட்டை பள்ளிவேட்டை. எளியோரின் குடிசையைக் குறித்த சொல் அரசரின் மாளிகைக்குள்ளும் சென்று மதிப்புப் பெற்றது.

கடற்கரையில் இறங்கிய சொல்

சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய பௌத்த விகாரை புகழ்பெற்றது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் கொடையாக வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என அறியப்படும் ஆவணங்கள் அந்தக் கொடையைக் கூறுகின்றன. அங்கும் விகாரை ‘பள்ளி’ எனப்படுகிறது. கடல் கடந்து வந்தோர் தம் இறைவழிபாட்டுக்கென எழுப்பும் இடத்தைத் தமிழ் அரசும் தமிழ் மக்களும் பள்ளி என்னும் சொல்லால் மதித்து ஏற்றனர் என்பது இதனால் விளங்கும்.

அதே கடற்கரையில் அரபு வணிகரும், அவர்தம் வழித்தோன்றல்களும், இஸ்லாத்தைத் தழுவிய தமிழ் மக்களும் தொழுமிடங்களை எழுப்பினர். அவர்களைத் தமிழ்நாடு ‘சோனகர்’ என்றது. அவர்களின் தொழுமிடத்தைப் ‘பள்ளி’ என்றது. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினம் என்னும் கடற்றுறையில் சோனகருக்குரிய ‘பிழார் பள்ளி’க்கு இறையிலியாக நிலம் விடப்பட்டதை அது பதிவு செய்கிறது. அக்கல்வெட்டு திருமால் கோயிலில் உள்ளது; அது கூறும் கொடை இறைவனைத் தொழும் முஸ்லிம்களின் பள்ளிக்கு உரியது. தொண்டூரில் சமண ஆசிரியருக்குச் சோழநாடு அளித்த அதே மதிப்பைச் சோனகரின் தொழுமிடத்துக்குப் பாண்டியநாடு அளித்தது. அம்மதிப்பைச் சுமந்து வந்த சொல் பள்ளி.

காயல்பட்டினத்தில் குத்பா பெரிய பள்ளி, குத்பா சிறிய பள்ளி என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நாள்தோறும் ஐவேளை தொழும் இடம் பள்ளி; வெள்ளிக்கிழமை குத்பா நிகழும் இடம் குத்பா பள்ளி. அரபு மொழியில் ‘மஸ்ஜித்’, ‘ஜாமிஃ’ என இரு சொற்களால் உணர்த்தப்படும் வேறுபாட்டைத் தமிழ் முஸ்லிம்கள் ஒரு சொல்லோடு ஓர் அடைமொழியைச் சேர்த்து உணர்த்திய நயம் பாராட்டத்தக்கது.

‘பள்ளிவாசல்’ என்னும் தொடரும் விளக்கம் வேண்டுவதே. வாயில் என்பது வாசல் என மருவியது. செந்தமிழில் எழுதுவோர் ‘பள்ளிவாயில்’ என்றும் எழுதுவர். வாயிலைச் சொல்லி மாளிகை முழுவதையும் குறிப்பது மதிப்பு வழக்கு. உஸ்மானியப் பேரரசின் ஆட்சிபீடம் ‘பாபே ஆலி’, அதாவது உயர்ந்த வாயில் எனப்பட்டதை நினைவுகூரலாம். மதுரையின் காஜிமார் பெரிய பள்ளிவாசலும், 1795இல் எழுந்த சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலும் இவ்வழக்கின் நிலைபேற்றுக்குச் சான்றுகள்.

மலையாளத்தில் இச்சொல் இன்னும் அகன்று விரிந்தது. கொடுங்கல்லூரின் சேரமான் ஜும்ஆப் பள்ளியும் பள்ளி. சிரியன் கிறிஸ்தவர்களின் தேவாலயமும் பள்ளி. யூதர்களின் தொழுகைக்கூடமும் ‘ஜூதப் பள்ளி’. பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் இடம் அங்கே ‘ஓத்துப்பள்ளி’. இலங்கையில் சிங்களவர் ‘பல்லிய’ என்னும் சொல்லால் கிறிஸ்தவ ஆலயத்தையும் முஸ்லிம்களின் தொழுமிடத்தையும் குறிக்கின்றனர். தமிழ் முஸ்லிம்களோ அங்கும் பள்ளி, பள்ளிவாசல் என்றே வழங்குகின்றனர்.

மஸ்ஜிதும் மசூதியும்

செஞ்சியின் கதை கடற்கரையின் கதையிலிருந்து சற்று வேறுபட்டது. 1649இல் பீஜப்பூர் ஆதில்ஷாகிகளிடமும், மராட்டியருக்குப் பின் 1698இல் மொகலாயரிடமும் கோட்டை வந்தது. படையினரோடும் அலுவலரோடும் தக்னி உருதும் வந்தது. 1714இல் ராஜா தேசிங்குடன் நிகழ்ந்த போரில் வென்ற ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான், 1717-18இல் கோட்டையின் அடிவாரத்தில், புதுச்சேரி வாயிலுக்கு அருகே தொழுமிடம் ஒன்றைக் கட்டினார். அவர் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது. தேசிங்கின் பக்கம் நின்று உயிர்துறந்த மஹபத் கானை நாட்டுப்பாடல் மக்கள் நினைவில் நிறுத்தியிருக்கிறது. ஆகவே அப்போரை இரு சமயங்களின் போராகக் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது என்பதையும் இவ்விடத்தில் கூறிவைக்கலாம்.

உருது பேசுவோர் ‘மஸ்ஜித்’ என்றனர். தமிழ் பேசுவோர் ‘பள்ளிவாசல்’ என்றனர். இரு சாராரும் ஒரே ஸஃப்பில் தோள் சேர்த்து நின்று தொழுதனர். ‘மஸ்ஜித்’ தமிழ் நாவில் திரிந்து ‘மசூதி’ ஆயிற்று. நாளிதழ்களும் பிற சமயத்தவரும் ‘மசூதி’ என்று எழுதுவதே பெருவழக்கு. நம்மவரோ அச்சொல்லை வீட்டில் பெரிதும் ஆள்வதில்லை. இவ்வாறு ஒரே இடத்துக்கு மூன்று பெயர்கள் நம் நகரில் நிலவுகின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ அமைப்பு மராட்டியப் படைநிலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து அவற்றுள் இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை. இதனைக் காண வருவோருக்கு இம்மூன்று பெயர்களின் கதையையும் எடுத்துச் சொல்ல வல்லவர்களாய் நாம் இருத்தல் வேண்டும்.

வினாவுக்கு விடை

இனி மாணவர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். முதற்கண் ‘மஸ்ஜித்’ என்னும் சொல்லின் சிறப்பை எவ்விதத் தயக்கமும் இன்றி ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஸஜத’ என்னும் வினையடியாகப் பிறந்து, ஸுஜூது செய்யும் இடம் எனப் பொருள்படுவது அது. அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாகும் நிலை ஸுஜூது என்பது நபிமொழி. அந்நிலையையே பெயராகக் கொண்ட சொல்லுக்கு ஈடான சொல் தமிழில் இல்லை. இலக்கண நெறிப்படி ‘மஸ்ஜத்’ என வரவேண்டியது ‘மஸ்ஜித்’ என வந்திருப்பதையும், அது தொழும் இல்லத்துக்கு உரிய பெயராக நிலைபெற்றதே அதற்குக் காரணம் என்பதையும் சீபவைஹி போன்ற இலக்கண மேதைகள் எடுத்துக்காட்டியுள்ளனர். வக்ஃபு, இஃதிகாஃப், தஹிய்யத்துல் மஸ்ஜித் முதலிய சட்டங்களைப் பேசுமிடத்து இச்சொல்லை ஆள்வதே தெளிவு தரும்.

ஆயின், பிற சமயத்தவர் ஆண்ட சொல் நமக்கு ஆகாது என்னும் வாதம் நிற்காது. ‘மஸ்ஜித்’ என்னும் சொல்லின் வேர்கூட இறுதித் தூதருக்கு முந்தியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேய ஆவணங்களிலும், பின்னர் நபதேயக் கல்வெட்டுகளிலும் இதற்கு இனமான சொல் வழிபாட்டு இடத்தையோ வழிபாட்டுக் கல்லையோ குறிக்க வழங்கியது. திருக்குர்ஆன் 18ஆம் அத்தியாயத்தில் குகைத் தோழர்களின் வரலாற்றைக் கூறுமிடத்து, முற்காலத்து மக்கள் அவர்கள்மீது எழுப்ப விரும்பிய வழிபாட்டிடத்தையும் ‘மஸ்ஜித்’ என்றே குறிக்கிறது. 17ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில் இஸ்ரவேலர் காலத்து பைத்துல் முகத்தஸும் அப்பெயரால் சுட்டப்படுகிறது. இஸ்லாம் பழஞ்சொற்களை வீசி எறிந்துவிட்டு வெற்றிடத்திலிருந்து புதுச்சொற்களை ஆக்கிக்கொள்ளவில்லை. ஸலாத், ஸவ்ம், ஹஜ், ஸகாத் ஆகிய யாவும் அரபு மக்கள் முன்னரே அறிந்த சொற்கள். அவற்றுக்குத் தூய பொருளை ஊட்டியது வஹீ.

14ஆம் அத்தியாயத்தின் 4ஆம் வசனம், ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என அறிவிக்கிறது. ‘கலைச்சொல்லில் சச்சரவு இல்லை’ என்பது நம் அறிஞர்களிடையே வழங்கும் நெறி. பொருள் சரியாயிருப்பின் பெயரைக் குறித்துப் பிணங்க வேண்டா என்பது அதன் கருத்து. அல்லாஹ்வைத் தமிழில் ‘இறைவன்’ என்கிறோம். ஸலாத்தைத் ‘தொழுகை’ என்கிறோம். ஸவ்மை ‘நோன்பு’ என்கிறோம். இவையும் நம் முன்னோர் தமிழிலிருந்து எடுத்து, தவ்ஹீதின் நீரால் கழுவித் தூய்மை செய்து கொண்டவையே. பள்ளியை விலக்கப் புகுவோர் இவற்றையும் விலக்க வேண்டியிருக்கும். அதன்பின் தம் தாயாரிடம் மார்க்கத்தைப் பேசுவதற்கு அவர்களிடம் மொழி எஞ்சாது.

திண்ணைத் தோழர்களின் பள்ளி

உறங்கும் இடத்தின் பெயர் இறையில்லத்துக்குப் பொருந்துமா என்னும் இரண்டாம் ஐயம் இன்னும் ஆழமான விடையை வேண்டி நிற்கிறது. அதற்கு நாம் மதீனாவுக்குச் செல்ல வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய மஸ்ஜிதின் ஒரு புறத்தில், பேரீச்ச மட்டைகள் வேய்ந்த நிழற்கூரை ஒன்று இருந்தது. ‘ஸுஃப்ஃபா’ எனப்பட்ட அவ்விடத்தில் வீடும் குடும்பமும் அற்ற ஏழைத் தோழர்கள் வாழ்ந்தனர். தமிழில் நாம் அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். அவர்கள் அங்கேயே தொழுதனர், அங்கேயே குர்ஆனும் மார்க்கமும் கற்றனர், அங்கேயே உறங்கினர். ஏனைய தோழர்கள் எல்லாரையும்விட மிகுதியான நபிமொழிகளை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையில் பசியோடு படுத்துக் கிடந்தவர்களுள் ஒருவர். மணமாகாத இளைஞராக இருந்தபோது தாம் மஸ்ஜிதில் உறங்கி வந்ததை அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவிய ஏழைப் பெண் ஒருவருக்கு மஸ்ஜிதுக்குள்ளேயே சிறு கூடாரம் இருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கும் மஸ்ஜிதிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது.

மஸ்ஜிதில் உறங்குவதன் சட்டத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் அதனை அனுமதிக்கின்றனர். ஹனஃபீ மத்ஹபினர் இஃதிகாஃப் இருப்போரையும் வழிப்போக்கரையும் தவிர மற்றவர்களுக்கு அது மக்ரூஹ் என்கின்றனர். தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். அவரவர் மத்ஹபின்படி நடப்பதே முறை. ஆனால் வீடற்றவருக்கும் வழிப்போக்கருக்கும் இறையில்லம் தங்குமிடமாகும் என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இப்போது பள்ளி என்னும் சொல்லை மீண்டும் நோக்குவோம். தங்குமிடம், கல்விக்கூடம், வழிபாட்டிடம் ஆகிய மூன்று பொருள்களையும் ஒருங்கே தாங்கிய சொல் அது. நபியவர்களின் மஸ்ஜித் அம்மூன்றுமாக இருந்தது. ‘மஸ்ஜித்’ என்னும் சொல் அவ்வில்லத்தின் உச்சநிலையாகிய ஸுஜூதைச் சொல்கிறது. ‘பள்ளி’ என்னும் சொல்லோ அவ்வில்லத்தின் வாழ்வைச் சொல்கிறது. இதனைத் தெரிந்தெடுத்த நம் முன்னோர் வேறு சொல் கிடைக்காமல் எடுத்துக்கொண்டனர் எனக் கருத இயலாது. மதீனாவின் இல்லத்தை மனத்தில் கொண்டு தமிழில் சொல் தேடும் எவரும் இதனினும் பொருத்தமான ஒன்றைக் கண்டெடுத்தல் அரிது.

சொல் நம்மிடம் கேட்பது

ஒரு சொல்லைப் பெயர்ப்பலகையில் காப்பாற்றிவிட்டு அதன் பொருளை நடைமுறையில் இழப்பதும் உண்டு. இன்று பல ஊர்களில் நம் பள்ளிகள் தொழுகை முடிந்த சிறு பொழுதுக்குள் பூட்டப்படுகின்றன. பொருள்களின் பாதுகாப்புக் கருதிச் செய்யப்படும் ஏற்பாடு அது. நிர்வாகிகளின் கவலையும் நியாயமானதே. எனினும் பேருந்தை விட்டிறங்கிய வழிப்போக்கர் நண்பகல் வெயிலில் பூட்டிய கதவின் முன் நிற்க நேர்ந்தால், ‘பள்ளி’ என்னும் சொல்லின் பழைமையான பொருள் அங்கே அற்றுப்போகிறது. மக்தப் வகுப்புகள் சுருங்கி, பிள்ளைகளின் ஓதும் குரல் கேளாத பள்ளியில் அச்சொல்லின் இன்னொரு பொருளும் அற்றுப்போகிறது. எஞ்சி நிற்பது ஐவேளைக் கூட்டுத்தொழுகை மட்டுமே. அது உயிர், ஆனால் உயிருக்கு உடலும் வேண்டும்.

மாறாக, 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது பள்ளிவாசல்கள் பல, சமய வேறுபாடு பாராமல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அங்கே மக்கள் தங்கினர், உண்டனர், உறங்கினர். அந்நாட்களில் அவை சொல்லின் முழுப்பொருளிலும் பள்ளிகளாக விளங்கின. அதற்கு எவரும் புதிய சட்டம் எதுவும் இயற்ற வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தால் போதுமானதாயிருந்தது.

ஆகவே மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. சட்டநூலில் மஸ்ஜித் என்று எழுதுங்கள். அதன் பொருளை மக்களுக்கு விளக்குங்கள். வீட்டிலும் வீதியிலும் பள்ளி என்று சொல்ல நாணாதீர்கள். மாங்குளத்துப் பாறை முதல் திருப்புல்லாணிக் கல்வெட்டு வரை இந்நாட்டு மக்கள் மதித்துப் போற்றிய சொல் அது. அச்சொல்லை நமக்குத் தந்ததன் வழியாக நம்மையும் இம்மண்ணின் மக்களாக அவர்கள் ஏற்றனர். அந்த ஏற்பை நாமே திருப்பிக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. பலகையில் எந்தப் பெயரை எழுதுவது என்று வழக்காடுவதற்கு முன், அப்பலகையின் கீழுள்ள கதவு எத்தனை நாழிகை திறந்திருக்கிறது என்பதையும், உள்ளே எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள் என்பதையும் அந்தந்த மஹல்லாவினர் எண்ணிப் பார்ப்பார்களாக.